பதினொரு பொம்மையும் ஒரு பெட்டியும்

எங்கள் வீட்டு மணிக்கு வயது இரண்டு, எடை பதினெட்டுக் கிலோ. நாட்டு நாய். கொச்சி இடப்பள்ளியில் சங்கம்புழா பூங்கா மெட்ரோ நிலையத்துக்குப் பின்பக்கம், சிவப்பு ஆக்சைடு தரை போட்ட பழைய வாடகை வீட்டில் இருக்கிறோம். போன மே மாதம் கூட்டிப் பெருக்கும்போது எண்ணிப் பார்த்தேன். கயிறு மூன்று, டென்னிஸ் பந்து நான்கு, அமுக்கினால் கீச்சென்று கத்தும் கோழி, துணிக்குரங்கு, நைலான் எலும்பு, ஒரு காலத்தில் ஏதோவாக இருந்த ரப்பர் துண்டு. ஆக மொத்தம் பதினொன்று. எல்லாம் கூடத்தில் நாள் முழுக்க இறைந்து கிடக்கும். அவன் கடிப்பது என்னவோ என் செருப்பை.

ஆள் இல்லாதபோது என்னதான் செய்கிறான் என்று பார்க்க, தலை திருப்பும் வைஃபை கேமரா ஒன்றை டிவி அலமாரி மேல் வைத்தேன். திரைச்சீலை ஆடினால்கூட போனுக்குத் தகவல் அனுப்பும் சாதனம் அது. முதல் நாள் மட்டும் நாற்பது தடவை அனுப்பியது. அதிலேயே பேசலாம் என்றார்கள். ஆபீசிலிருந்து "மணி" என்று கூப்பிட்டேன். பாவம், அலமாரிக்குப் பின்னால் போய் என்னைத் தேடினான். அதோடு அந்த வசதியை அணைத்துவிட்டேன். ஆனால் நான்கு நாள் பதிவு ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டியது: பொம்மைகளை அவன் நாற்காலி, ஸ்டூல் போலத்தான் பார்க்கிறான். சுற்றிக்கொண்டு போகிறான். முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

இது மணியின் திமிர் இல்லை. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜான் பிராட்ஷாவும் உடன் ஆய்வாளர்களும் பதினாறு லாப்ரடார் நாய்களிடம் இதைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் நாய்க்குச் சீக்கிரம் சலித்துவிடுகிறது. வேறொன்றைக் கொடுத்தால் உற்சாகம் உடனே திரும்புகிறது. புதுசு என்றால் பறக்கிறது, பழகினால் திரும்பிப் பார்ப்பதில்லை. எப்போதும் கண்ணெதிரே கிடக்கும் பொருளுக்கு அதன் கணக்கில் மதிப்பே இல்லை.

ஆகவே ஜூனில் இரண்டு பொருள் வாங்கினேன். ஒன்று, ஆயிரம் ரூபாயைத் தாண்டிய காங் கிளாசிக் என்ற சிவப்பு ரப்பர் பொம்மை. இன்னொன்று, எர்ணாகுளம் பிராட்வேயில் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய, இரண்டு பக்கமும் கிளிப் வைத்த பிளாஸ்டிக் பெட்டி. மட்டாஞ்சேரி யூதத்தெரு பழம்பொருள் கடையில் பார்த்த மரப்பெட்டிமேல் எனக்கு ஒரு கண் இருந்தது. விலையைக் கேட்டதும் கண் தானாகத் திரும்பிக்கொண்டது. தென்காசியிலிருந்து அம்மா போனில் கேட்டது ரப்பரைப் பற்றி: "ஏட்டி, நாய்க்கு ஆயிரம் ரூவாய்க்குப் பந்தா?"

பந்து இல்லை. மூன்று உருண்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி இருக்கும். அமெரிக்காவில் கொலராடோவைச் சேர்ந்த ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு, ஃபிரிட்ஸ், கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்ததாம். அவர் பழைய ஃபோக்ஸ்வாகன் வேனைப் பழுதுபார்க்கும்போது கழற்றிப் போட்ட சஸ்பென்ஷன் ரப்பரை அது கல்லை விட்டுவிட்டுக் கவ்விக்கொண்டது. அந்த உருவம்தான் இது. காங் கம்பெனி தொடங்கியது 1976இல். தரையில் போட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. நாய்க்குப் பிடித்ததும் அதுதான். இயற்கை ரப்பர். இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு விளைகிற மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு, ரப்பர் வாரியம் இருக்கும் கோட்டயத்துக்கு இரண்டு மணி நேரத் தூரத்தில், அமெரிக்காவிலிருந்து ரப்பர் வரவழைத்திருக்கிறேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

கையில் எடுத்ததும் செய்த முதல் சோதனை, கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்பது. கொஞ்சமாவது நகம் பதிய வேண்டும். பதியாத எதுவும் நாயின் பல்லுக்குக் கெட்டி. மேல்வரிசையில் கத்தரிபோல் வேலை செய்யும் பெரிய கடைவாய்ப்பல்தான் இப்படிப்பட்ட பொருளில் பிளந்துபோகும். இதில் பதிந்தது. வீட்டில் ஏற்கெனவே இருந்த நைலான் எலும்பில் பதியவில்லை. அன்றே குப்பைக்குப் போனது. மேல்துணி மணல்தாள்போல் பல்லைத் தேய்க்கும் என்பதால் டென்னிஸ் பந்துகள் எறிந்து விளையாட மட்டும் என்று ஆயின. கீச்சுக்கோழியின் வயிற்றில் இருக்கும் ஊதல் விழுங்கும் அளவில் இருந்ததால் அதையும் கழித்தேன். ரப்பர் துண்டுக்கும் அதே கதி.

அடுத்தது ஓட்டை. இந்த ரப்பருக்குக் கீழே பெரிய ஓட்டை, மேலே சிறிய ஓட்டை என்று இரண்டு உண்டு. ஒரே ஓட்டை உள்ள பொம்மையில் நாய் நாக்கை விட்டு நக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி நாக்கு மாட்டிக்கொள்ளும். வீங்கினால் எடுக்கவும் முடியாது. கடையில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மலிவு நகல்களைப் புரட்டிப் பாருங்கள், சிலவற்றில் இரண்டாவது ஓட்டை இருக்காது.

நிறம் மட்டும் எனக்குப் புரியவில்லை. நாய்க்கு நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பு மங்கிய பழுப்பாகத்தான் தெரியும். எங்கள் சிவப்புத் தரையில் சிவப்பு ரப்பர் உருண்டு நின்றால் மணி கண்ணால் தேடுவதை நிறுத்திவிட்டு மூக்கைத் தரையில் வைக்கிறான். அவனுக்கு அதுவும் விளையாட்டுதான் என்பதால் குறையாகச் சொல்லவில்லை.

இனி முக்கியமான வேலை. சிறிய ஓட்டையை வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கால் அடைத்து, ரப்பரைத் தலைகீழாக ஒரு எவர்சில்வர் டம்ளரில் நிறுத்தி, குழைந்த தயிர்சாதத்தைப் பெரிய ஓட்டை வழியாக நிரப்பி, இரவு முழுக்க ஃப்ரீஸரில் வைப்பேன். உப்பு வேண்டாம், தாளிப்பு வேண்டாம். கல்யாண வீட்டுத் தயிர்சாதம் மிஞ்சியது என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அதிலே திராட்சை இருக்கும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் ஆகாது. கடையில் வாங்கும் வேர்க்கடலை வெண்ணெய் என்றால் சைலிடால் என்ற இனிப்பூட்டி சேர்த்திருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள். நாய்க்கு அது விஷம். உறைய வைக்காமல் கொடுத்தபோது ஆறே நிமிஷத்தில் காலி. உறைய வைத்தால் முப்பத்தைந்து நிமிஷம். நான் கதவைப் பூட்டிக்கொண்டு மெட்ரோ ஏறும் நேரத்துக்கு அது தாராளம். உள்ளே போகும் சோற்றை அவனுடைய இரவுச் சாப்பாட்டில் கழித்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் பதினெட்டு இருபத்திரண்டாகிவிடும்.

இவ்வளவும் ரப்பரின் பெருமை. ஆனால் முதல் வாரம் அதையும் மற்றவற்றோடு தரையிலேயே விட்டிருந்தேன். ஐந்தாம் நாள் கேமராவில் பார்த்தால், காலி ரப்பரை மிதித்துக்கொண்டு போய்ச் செருப்பை எடுக்கிறான். அன்றைக்குத்தான் பெட்டிக்கு வேலை வந்தது. மிச்சமிருந்த பொம்மைகள் எல்லாம் உள்ளே. ஒரு நேரத்தில் இரண்டே வெளியே, மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றம். சோறு நிரப்பிய ரப்பர் நான் வெளியே கிளம்பும்போது மட்டும். கயிறு என் கையில் இருக்கும்போது மட்டும். அதன் நூலை விழுங்கினால் குடலை இழுத்துச் சுருட்டிவிடும். பெட்டியின் கிளிப்பைத் திறக்கும் 'டக்' சத்தத்துக்கு இப்போது அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறான். ஒரு வருஷமாகத் திரும்பிப் பார்க்காத துணிக்குரங்கை ஒன்பது நாள் கழித்து எடுத்துக் கொடுத்தேன். நேற்றுத்தான் வாங்கியதுபோல் வாயில் கவ்விக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினான்.

பெட்டி வைத்தால் பொம்மையைத் திரும்ப வாங்கி வைக்கத் தெரிய வேண்டும். முதல் தடவை வாயிலிருந்து பிடுங்கினேன், உறுமினான். தப்பு என்னுடையது. பிடுங்கப் பிடுங்க நாய் பொருளைக் காவல்காக்கத்தான் கற்றுக்கொள்ளும். இப்போது மூக்கருகே அவித்த கோழித்துண்டு ஒன்றை நீட்டி "விடு" என்கிறேன். அவனாக விட்டதும் துண்டு அவனுக்கு. பத்தில் ஆறு தடவை பொம்மையையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், ஏமாற்று வேலை இல்லை என்று நம்புவதற்காக. "விடு" மலையாளத்திலும் அதேதான் என்பதால் பக்கத்து வீட்டுச் சேச்சி சொன்னாலும் கேட்கிறான்.

குறைகளும் உண்டு. கொச்சி மழைக்காலத்தில் கயிற்றுப் பொம்மை நான்கு நாளானாலும் காயாது. ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும். கயிற்றை வெளியே ஆணியில் மாட்டி வைக்கிறேன். ரப்பரை அரை மணி நேரத்துக்கு மேல் தரையில் விட்டால் சிற்றெறும்பு வரிசை கட்டிவிடும். உள்ளே ஒட்டிய சோற்றை எடுக்கப் பால்புட்டி பிரஷ் இல்லாமல் முடியாது. இன்னொன்று, வெடிச்சத்தத்துக்கு நடுங்கும் நாய்க்கு இது மருந்தில்லை. ஒரு கல்யாண ஊர்வலத்தின் வேட்டு கேட்ட இரவில் மணி கட்டிலுக்கடியில் கிடந்தான். தயிர்சாதம் முழுக்க உருகித் தரையில் ஓடியது.

மூன்று மாதத்தில் ரப்பரில் நான்கு பல் தடம், ஒரு துண்டும் பெயரவில்லை. பெட்டியின் ஒரு கிளிப் உடைந்துவிட்டதால் மேலே செங்கல் ஒன்றை வைத்திருக்கிறேன். செருப்பு தப்பித்தது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பெட்டியை வாங்குங்கள். ரப்பரும் வாங்குகிறவர்கள் நாயை எடை பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஏழு முதல் பதினாறு கிலோவரை நடுத்தரம், பதின்மூன்று முதல் முப்பதுவரை பெரியது. உங்கள் நாய் இரண்டு அளவிலும் வந்தால் பெரியதையே எடுங்கள்.