கல்லும் வாழ்த்தும்

போரில் செத்த சிப்பாயைப் பற்றி எழுத நேரும்போது நம் கவிதைக்கு இரண்டு காரியங்களே தெரிந்திருக்கின்றன. ஒன்று வாழ்த்து. மற்றது, வாழ்த்த இயலாதபோது மௌனம். இந்த மௌனத்தை அரசியல் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். அது முதலில் கவிதையின் குறை என்பதே என் கட்சி.

சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றால் இரண்டு நினைவுச் சின்னங்களுக்கு டவுன் பஸ் கிடைக்கும். காந்தி மார்க்கெட்டில் இருப்பது முதல் உலகப் போருக்குப் போனவர்களுக்கானது. அந்தப் போருக்காக வெள்ளைக்கார அரசு இம்மாகாணத்து ஊர்களில் பதித்த வாசகம் ஒரே அச்சில் வார்த்தது: இங்கிருந்து இத்தனை பேர் யுத்தத்துக்குப் போனார்கள், இவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். கடல் தாண்டி மெசபடோமியாவிலும் பிரான்ஸிலும் செத்தவன் ஓர் எண்ணாக ஊர் திரும்பினான். கணக்குப்பிள்ளையின் பதிவு இது. கண்டோன்மென்ட் பகுதியில் இருப்பது திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணனுக்கு. 1999 மே 29 அன்று கார்கில் போரில், படாலிக் முனையில் இறந்தவர். இங்கே பெயர் உண்டு, மாலை உண்டு, ஆண்டுதோறும் அஞ்சலி உண்டு. எதிரி யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. ஆகவே வாழ்த்துக்கும் தடையில்லை.

இந்த இரண்டு யுத்தங்களுக்கும் நடுவே ஒன்று விடுபட்டுப் போயிருக்கிறது. 1987 ஜூலை ஒப்பந்தத்தின் பேரில் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் சுமார் 1,200 பேர் உயிரோடு திரும்பவில்லை. மிச்சமிருந்தவர்கள் 1990 மார்ச்சில் சென்னையில் வந்திறங்கியபோது முதல்வர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்பது காரணம். காரணம் பொய்யல்ல. 1987 அக்டோபர் 21, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து அந்தப் படை நோயாளிகளையும் டாக்டர்களையும் தாதிகளையும் சுட்டுக் கொன்றது.

அதற்கு ஐந்து வாரம் கழித்து, நவம்பர் 25ல், 8வது மஹார் பட்டாலியனின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அதே யுத்தத்தில் இறந்தார். 1946ல் பம்பாயில் பிறந்தவர். இலங்கை யுத்தத்துக்காகப் பரம்வீர் சக்ரா தரப்பட்டது இவர் ஒருவருக்கே. அந்த விருதின் பாராட்டுரையை ஒரு பிரதியாகப் படித்துப் பார்க்கவேண்டும். இரவில் தேடுதல் முடித்துத் திரும்பும் படையை மறைந்திருந்தவர்கள் தாக்குகிறார்கள். இவர் அவர்களைப் பின்பக்கமாகச் சுற்றி வளைக்கிறார். கைகலப்பில் ஒருவன் இவர் மார்பில் சுடுகிறான். அவன் துப்பாக்கியையே பறித்து இவர் அவனைச் சுட்டுக் கொல்கிறார். உயிர் பிரியும்வரை உத்தரவிட்டுக்கொண்டிருக்கிறார். எதிர்த்தரப்பில் ஐந்து பேர் சாவு. மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் கைப்பற்றப்பட்டன.

கச்சிதமான உரைநடை. ஆனால் ஒரே துப்பாக்கியை இரண்டு பேர் பற்றியிருக்கும் அந்தக் கணத்தில் அது நிற்பதில்லை. யாழ்ப்பாணத்தில் எந்தத் தெருவிலும் ஒரு பரமேஸ்வரன் இருப்பான். எதிரே நின்றவனுக்கு அது அந்நியப் பெயரல்ல. பாராட்டுரையில் அவனுக்கோ பெயரே இல்லை. செத்த ஐந்து பேரும் வெறும் ஐந்து. காந்தி மார்க்கெட் கல்லின் இலக்கணம்தான் இதுவும். கவிஞன் நின்றிருக்கவேண்டிய இடம் அந்தக் கணம். தமிழகத்துக் கவிஞன் நிற்கவில்லை. சென்னை ஆற்காடு ரோட்டில் ராணுவத்தினர் குடியிருப்பு ஒன்றின் விலாசமாக மேஜரின் பெயர் தங்கியிருக்கிறது. அமைதிப்படைக்கு நினைவிடம் எழும்பியிருப்பது கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில் — 1989ல் அந்தப் படையை வெளியேறச் சொன்ன நாட்டில்.

நமக்கு முன்மாதிரி இல்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் நிலைகள் ஆறு: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல். வாழ்த்து கடைசி. முதலில் போய்க் கல்லைக் காணவேண்டும். 2006ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடன் நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் இருப்பது சில சொற்களே: கூடலூர், ஆநிரை கவர்ந்த பூசல், செத்தவன் பெயர், இது அவன் கல். மாட்டைக் கவரப் போனவனா, மீட்கப் போனவனா என்பதைக் கல் சொல்வதில்லை. புகழ்ச்சியாக ஓர் அடைமொழிகூட இல்லை. வெட்சிக்கும் கரந்தைக்கும் இடம் வைத்த மரபுக்கு இதில் சங்கடம் எதுவும் இருந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் செத்தவர்களையும் அந்தப் படையின் மேஜரையும் ஒரே தட்டில் வைப்பதா என்று கேட்கப்படும். வைக்கவேண்டியதில்லை. அங்கே நடந்தது கொலை. மேஜர் செத்தது சண்டையில். கல் நடுவது விடுதலைத் தீர்ப்பும் அல்ல. பெயர், இடம், சண்டை என்று எழுதப் பழகிய கை ‘யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி, அக்டோபர் 21’ என்றும் எழுதியாகவேண்டும். சிப்பாயை மறக்கிறவன் அவன் படை செய்ததையும் சேர்த்தே மறக்கிறான். தமிழகத்தில் நடந்தது இதுதான். ஈழத்தவருக்கு அந்தச் சௌகரியம் கிடைக்கவில்லை.

இந்தச் சாவுகளுக்கு ஆறாவது நிலை வாய்க்காமலே போகலாம், அதனால் நஷ்டமில்லை. நாம் இன்னும் முதல் நிலைக்கே போய்ச் சேரவில்லை.