சுருளும் கோடும்

ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) படத்தின் பெயரோட்டத்தில் ஒரு பெண்ணின் கண்மணிக்குள்ளிருந்து வண்ணச் சுருள்கள் எழும்பி வரும். தலைசுற்றலின் குறியீடு, ஆண் பார்வையின் சுழல் என்றெல்லாம் அவற்றை வாசித்தாகிவிட்டது. தப்பில்லை. ஆனால் அவற்றை வரைந்தது எது? சால் பாஸ் வடிவமைத்த அந்தப் பகுதிக்காக ஜான் விட்னி பயன்படுத்தியது, விமானங்களைச் சுடும் பீரங்கிக்குக் குறி கணக்கிட்டுத் தந்த எம்5 என்கிற எந்திரம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கழித்துக்கட்டப்பட்ட சரக்கு.

நம்மிடம் இரண்டு கட்சிகள் தயாராக இருக்கின்றன. 'எந்திரம் எதுவானால் என்ன, வடிவத்தைப் பார்' என்பது ஒன்று. 'பீரங்கியோட மிச்சம், இதில் அழகு என்ன வேண்டிக்கிடக்கு' என்பது இன்னொன்று. இரண்டோடும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. காரணம் அந்த வளைவின் பிறப்பிலேயே இருக்கிறது.

1857இல் லிசாஜு விளக்கியது எளிமையான காரியம். இரண்டு இசைக்கவைகள், ஒன்று கிடையாக அதிரும், மற்றது செங்குத்தாக. இரண்டிலும் சிறு கண்ணாடி. ஒன்றில் பட்ட ஒளி மற்றதிலும் பட்டுத் திரையில் விழும்போது வளைவு பிறக்கிறது. (1815இலேயே பௌடிச் ஊசலை வைத்து இவற்றை ஆராய்ந்திருந்தார், பெயர் என்னவோ பின்னால் வந்தவருக்குத்தான் நிலைத்தது.) அதிர்வெண்கள் 2:3 போல முழு எண் விகிதத்தில் அமைந்தால் வளைவு மூடிக்கொள்ளும். அமையாவிட்டால் மூடவே மூடாது. செவ்வகம் முழுக்க அலைந்துகொண்டே இருக்கும்.

இங்கே எந்த அசைவும் மற்றதன் பிரதிபலிப்பு இல்லை. அதது தன்பாட்டுக்கு ஆடுகிறது. ஆனால் வளைவை ஒரே அச்சின்மீது வீழ்த்திப் பாருங்கள்: கோட்டில் ஒரு புள்ளி போய்வரும், அவ்வளவுதான். வடிவம் மட்டும் பேசுகிற விமர்சனமும் வரலாறு மட்டும் பேசுகிற விமர்சனமும் பார்ப்பது ஆளுக்கொரு கோட்டைத்தான். சுருளை இருவருமே பார்க்கவில்லை. ஒருத்தியைப் பின்தொடர்ந்து கண்காணிக்கிற ஒருவனின் கதைக்கு, இலக்கைப் பின்தொடரக் கட்டப்பட்ட எந்திரம் முகவுரை எழுதியிருக்கிறது. மயக்கமும் குறிபார்த்தலும் ஒரே வளைவில் ஓடுகின்றன. இதைச் சொல்ல இரண்டு அச்சும் வேண்டும்.

தோழர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. ஒரே வேகம், துளியும் முன்பின் இல்லாத ஒரே கட்டம் என்றால் கிடைப்பது சாய்ந்த நேர்க்கோடு மட்டுமே. அதே வேகத்தில், அதே வீச்சில், கால் சுற்று தள்ளி ஒன்று கிளம்பட்டும்; கோடு வட்டமாகிவிடும். எல்லோரும் ஒரே நொடியில் ஒரே குரலில் பேசினால்தான் ஒற்றுமை என்கிற கூட்டங்களில் எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வருகிறது.