மூன்றாம் வரிக்கு முன்

ஜாஸ், புளூஸ் ஆகிய இருவகை இசையையும் இளமை முதல் கேட்டு வரும் நாம், சார்லி பார்க்கரின் மின்னல் வேகத்தை இன்றும் வியக்கிறோம். ஆனால் வியப்பு வேறு. நெஞ்சம் தங்குமிடம் வேறு. நம் நெஞ்சம் தங்குவது பழைய புளூஸ் இசைத்தட்டுகளிலேயே.

அடிமைத்தளை சட்டப்படி அறுந்த பின்னும் ஒடுக்கப்பட்டே வாழ்ந்த அமெரிக்கத் தென் மாநிலக் கறுப்பின மக்களிடையே பிறந்தது புளூஸ். அதன் வழக்கமான வடிவம் எளியது. முதல் வரி ஒரு துயரைச் சொல்லும். இரண்டாம் வரி அதையே மீண்டும் சொல்லும். மூன்றாம் வரி மறுமொழி கூறும். கூறியது கூறல் இங்குக் குற்றமன்று. சொற்கள் மாறாவிடினும் அடியில் ஒலிக்கும் சுரக்கூட்டு மாறுகிறது. அதே துயர் வேறொரு நிறத்தில் தெரிகிறது.

ஹேண்டி 1914-இல் வெளியிட்ட 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' பாடலை 1925-இல் பெஸ்ஸி ஸ்மித் பாடிய இசைத்தட்டு இதற்குத் தக்க சான்று. துணைக்கு இருப்பவை இரண்டே: நம் சிற்றூர்க் கோயில்களும் அறிந்த ஆர்மோனியத்தின் ஒலி, 23 வயது லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கொர்னெட். இளைஞர் பாடகியோடு போட்டியிடவில்லை. அவர் வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் மறுமொழி தருகிறார். கேட்கத் தெரிந்தவரே துணை நிற்க வல்லவர் அன்றோ!

புளூஸைச் சாத்தானின் இசை எனக் கறுப்பினக் கிறித்தவர் பலரே ஒதுக்கினர். அக்கூற்றுக்கு விடையாக நாம் காட்டுவது, பார்வையற்ற பாடகர் வில்லி ஜான்சன் 1927-இல் டல்லாஸ் நகரில் பதிவு செய்த இசை. கெத்சமனி இரவைப் பற்றிய பழைய பாடலொன்றிலிருந்து அதன் தலைப்பு வந்தது. ஆனால் அதில் சொல்லே இல்லை. முனகலும், நரம்பின் மீது வழுக்கிச் செல்லும் கித்தார் ஒலியுமே உள்ளன. 1977-இல் வாயேஜர் விண்கலங்கள் ஏந்திச் சென்ற இசைத்தட்டில் அதுவும் இடம்பெற்றது. இருளிலேயே முடியும் 88-ஆம் திருப்பாடலை ஏற்கும் நாம், இம்முனகலை இறைவேண்டல் அன்றென எவ்வாறு தள்ளுவது?

ஜான் கோல்ட்ரேன் 1964-இல் பதிவு செய்த 'எ லவ் சுப்ரீம்' படைப்பின் இறுதிப் பகுதியில், அவரே எழுதிய இறைபுகழ்க் கவிதையை அசை அசையாகச் சாக்சபோன் ஓதுகிறது. அது அரிய நன்றிப் பலி. ஆயினும் நம் தராசில் முதலிடம் ஜான்சனுக்கே. கோல்ட்ரேன் கரையேறியவரின் குரலில் பேசுகிறார். ஜான்சனோ இன்னும் நீரில் நிற்பவரோடு நிற்கிறார்.

இது வெறும் சுவை வேறுபாடு அன்று. இழவு வீட்டில் ஆறுதல் சொல்லச் செல்வோர், அழுபவர் இரண்டாம் வரியைச் சொல்லி முடிக்குமுன்னரே மூன்றாம் வரிக்குத் தாவிவிடுவதைக் காண்கிறோம். 'எல்லாம் இறைவன் சித்தம்' என்பது உண்மையே. எனினும் அதற்கும் உரிய நேரம் உண்டு. துயரை இருமுறை சொல்ல இடம் தருபவரின் ஆறுதலே செவியேறும்.