சரவெடியா, ஒற்றை வெடியா?

தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கிடக்கும் காகிதக் குப்பையைப் பார்த்து, அது சரவெடியா, ஒரே அடியாய் வெடித்த வெடியா என்று சொல்ல முடியுமா? அணுக்கரு இயற்பியல்காரர்கள் பல வருஷங்களாகச் செய்துவரும் வேலை ஏறக்குறைய இதுதான்.

கனமான இரண்டு அணுக்கருக்களை வேகமாக மோதவிட்டால் மிகச் சூடான கரு ஒன்று மிஞ்சும். அதுவும் உடனே சிதறிவிடும். கருவிகளில் சிக்குவது ஆறிப்போன துண்டுகள் மட்டுமே. நடுவில் நடந்ததைச் சொல்ல ஒரு மாடல் வேண்டும். அதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் பிரச்னை.

மூத்த மாடல் நீல்ஸ் போருடையது, 1936. ஆழமில்லாத கிண்ணத்தில் பில்லியர்ட் பந்துகள். வெளியிலிருந்து ஒன்றை உருட்டிவிட்டால், மோதி மோதித் தன் சக்தியை எல்லோருக்கும் பங்கு போட்டுவிடும். ரொம்ப நேரம் கழித்து, தற்செயலாக ஏதோ ஒரு பந்துக்குப் போதிய சக்தி சேர்ந்தால் அது வெளியேறும். அதற்குள் வந்தது யார், எந்தப் பக்கமிருந்து என்பதெல்லாம் மறந்து போச்சு. காபியைக் கலக்கினபின் பால் முதலிலா, சர்க்கரை முதலிலா என்று குடிப்பவருக்குத் தெரியாதில்லையா, அது மாதிரி. 1937-ல் வைஸ்கோஃப் இதை ஆவியாதல் கணக்காக மாற்றினார்.

1950-ல் எஸ்.என்.கோஷல் இதைச் சோதித்தார். தாமிரத்தைப் புரோட்டானாலும் நிக்கலை ஆல்ஃபா துகளாலும் அடித்து, இரண்டு வழியிலும் ஒரே துத்தநாகம்-64 கருவை உண்டாக்கினார். இரண்டும் ஒரே மாதிரி சிதைந்தன. இந்த மாடல் தோற்றிருக்கக்கூடும், தோற்கவில்லை. அதனால்தான் இதற்கு மதிப்பு.

ஆனால் மறப்பதற்கு அவகாசம் வேண்டும். சூடு மிகமிக ஏறினால் கருவின் ஆயுளே ஒரு துகள் அதைக் குறுக்கே கடக்கும் நேரமளவுக்குச் சுருங்கிவிடும். இங்கே இரண்டு கட்சி. 1988-ல் வந்த ஜெமினி என்ற கம்ப்யூட்டர் மாடல் சரவெடிக் கட்சி: கரு இரண்டாகப் பிளந்து, அவை மறுபடி பிளந்து, இப்படியே போகும். எதிர்க்கட்சி, கரு உப்பி ஒரே சமயத்தில் பல துண்டாகும் என்கிறது. வேடிக்கை என்னவென்றால், சில சோதனைகளில் துண்டுகளின் பட்டியலை இரண்டுமே சுமாராகச் சரியாகச் சொல்லிவிடுகின்றன!

1995-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வகம் ஒரு வரைபடம் வெளியிட்டது. சக்தியை ஏற்றிக்கொண்டே போனாலும் வெப்பநிலை 5 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் அருகில், அதாவது சுமார் 5,800 கோடி டிகிரியில், நின்றுவிட்டது. கொதிக்கும் தண்ணீர் போலவே. அழகான படம்தான். ஆனால் தெர்மாமீட்டர் எது? ஹீலியம், லித்தியம் ஐசோடோப்புகளின் விகிதம். அவையும் பிற்பாடு நடந்த சிதைவுகளால் கலங்கியவை. திருத்தம் செய்ய மறுபடி மாடல்தான் வேண்டும். சாட்சியே தீர்ப்பும் எழுதுகிற கதை. தவிர, தண்ணீர் டம்ளரிலும் அண்டாவிலும் ஒரே சூட்டில் கொதிக்கும். கருக்களில் அந்தச் சமதளத்தின் உயரம் கருவின் பருமனோடு மாறுகிறது என்று 2002-ல் நாட்டோவிட்ஸ் குழு காட்டியது.

வழக்கைத் தீர்க்க உதவியது வேறொரு கேள்வி. துண்டுகள் ஒரே சமயத்தில் கிளம்பினால் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளும். ஒரே வேகத்தில் அருகருகே பறக்கும் ஜோடிகள் குறையும். சரவெடியில் அவ்வளவு குறையாது. அளந்தபோது, சக்தி ஏற ஏறத் துண்டுகளுக்கிடையே நேர இடைவெளி சுருங்கியது. குறைந்த சூட்டில் சரவெடி, அதிகச் சூட்டில் கிட்டத்தட்ட ஒற்றை வெடி.

ஆகவே யாராவது தன் மாடல் பிரமாதமாய்ப் பொருந்துகிறது என்றால் உடனே கை தட்டாதீர்கள். எந்த விடை வந்திருந்தால் அதைக் கைவிட்டிருப்பீர்கள் என்று கேளுங்கள்.