மொழி, அளவை, உலகு: மணிமேகலையின் பக்கப்போலி பற்றியோர் ஆய்வு

திண்டிவனத்தில் முதுகலை மாணாக்கர்க்கு மணிமேகலையின் 29ஆம் காதையைப் பாடஞ் சொல்லுங்கால், மாணாக்கர் ஒருவர் வினா ஒன்றை எழுப்பினார். திங்களைச் சந்திரன் அன்று என்று கூறுதல் குற்றம் என அக்காதை உரைக்கின்றதே. சொல் இரண்டும் வேறல்லவோ, அங்ஙனமாகக் குற்றம் யாண்டுளது என்பதே அவ்வினா. உலக வழக்கோடு மாறுபடுதலின் குற்றமாயிற்று என்று யாம் அன்று விடை கூறினோம். அவ்விடை நூலின் சொல்லைத் திருப்பிக் கூறிற்றேயன்றி ஐயத்தை அகற்றவில்லை என்பதைப் பின்னர் உணர்ந்தோம். அக்குறையை நிரப்புதலே இக்கட்டுரையின் நோக்கம்.

வஞ்சி மாநகரில் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட மணிமேகலை, காஞ்சியில் அறவண அடிகளை அடைந்து அறங் கேட்கின்றாள். அடிகள் அறத்தை உடனே தொடங்காது அளவையை முன்வைக்கின்றார். காட்சி, கருத்து என்னும் இரண்டுமே அளவையெனக் கொண்டு, பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவற்றையும் அவற்றின் போலிகளையும் விரித்துரைக்கின்றார். பக்கமாவது வாதி நிறுவப் புகும் கூற்று. அதன் போலி ஒன்பது வகைப்படும். இவற்றுள் முன்னைய ஐந்தும் பிறிதொன்றனோடு முரணுதலாற் பிறப்பன. பின்னைய நான்கனுள் மூன்று கூற்றின் உறுப்பு எதிர்வாதியால் ஒப்பப்படாமையாற் பிறப்பன, எஞ்சிய ஒன்று எதிர்வாதி முன்னரே ஒப்பியதை நிறுவப் புகுதலாற் பிறப்பது. இப்பகுப்பே நம் ஆய்விற்கு அடிப்படையாம்.

முன்னைய ஐந்தனுள் மூன்றனை ஈண்டு நோக்குவாம். ஒலி செவிக்குப் புலனாகாது என்பது காட்சியோடு முரணுவது. ஒருவன் தன்னை ஈன்றாளையே மலடி என்பது தன் சொல்லோடு தானே முரணுவது. திங்களைச் சந்திரன் அன்றென்பது உலகோடு முரணுவது. மூன்றும் பிழையேயாயினும் பிழையின் பிறப்பிடம் ஒன்றன்று. முதற் கூற்றைப் பொய்யென அறியச் செவி வேண்டும். இரண்டாவதனைப் பொய்யென அறியச் செவியும் வேண்டா, கண்ணும் வேண்டா. அவ்வன்னையை யாம் கண்டிருத்தலும் வேண்டா. கூற்றின் உறுப்புக்களை ஒருங்கு வைத்து நோக்கின் அமையும். மூன்றாவதற்கோ கூற்றின் வடிவும் போதாது, வானை நோக்குதலும் போதாது. தமிழ்வழக்கில் அவ்விரு பெயரும் ஒரு பொருளைக் குறிக்கும் என்னும் அறிவு வேண்டும். எனவே, ஒரு கூற்று உலகப் பொருளாற் பிழைத்தலும், அளவையாற் பிழைத்தலும், மொழிவழக்காற் பிழைத்தலும் தம்முள் வேறென்பது பெறப்படும்.

மேலை நாட்டுப் பகுப்பாய்வு மெய்யியலார் சென்ற நூற்றாண்டில் பெரிதும் ஆராய்ந்தது இவ்வேற்றுமையையே. 1921இல் வெளிவந்த விட்கென்ஸ்டைனின் நூல், தன்னுள் முரணிய கூற்று உலகைப் பற்றி ஒன்றும் உணர்த்துவதில்லை என்றது. மலடி பற்றிய கூற்று அதற்கு ஒத்த எடுத்துக்காட்டாகும். ஆயின், ஒன்றை ஒத்துளதெனக் கண்ட அளவில் அனைத்தும் ஒத்தன எனத் துணிதல் ஆராய்ச்சியன்று. 1892இல் பிரேகே என்னும் செருமானிய அறிஞர் விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரு கோளே என்னுங் கூற்றை எடுத்தாராய்ந்து, பெயர் குறிக்கும் பொருள் வேறு, அப்பொருளை அது உணர்த்தும் முறை வேறு என நிறுவினார். மணிமேகலையின் திங்களும் பிரேகேயின் வெள்ளியும் ஒன்றே என்பாரும் உளராகலாம். அது பொருந்தாது. இரு வெள்ளியும் ஒன்றென்பது வானாராய்ந்தார் கண்டுணர்த்திய செய்தி. மொழியறிவு மட்டும் உடையான் அதனை அறியான். திங்களும் சந்திரனும் ஒன்றென்பதோ மொழியறிந்தார் யாவரும் அறிவது. முன்னது உலகின்பாற்பட்டது, பின்னது வழக்கின்பாற்பட்டது.

பின்னைய நான்கனுள் ஒன்று, கூற்றின் எழுவாய்ப் பொருளையே எதிர்வாதி ஒப்பாமை. ஆன்மா உண்டென்பதை ஏலாத பௌத்தனை நோக்கிச் சாங்கியன் ஆன்மா அறிவுடையது எனக் கூறுதல் இதற்கு எடுத்துக்காட்டு. 1905இல் பெர்ட்ரண்டு ரசல், அரசனில்லாத பிரான்சு நாட்டின் இக்கால அரசன் வழுக்கைத் தலையன் எனின் அக்கூற்று யாதாம் என வினவி, அது பொய்யே என்றார். 1950இல் ஸ்டிராசன் அதனை மறுத்து, அக்கூற்று மெய்யோ பொய்யோ என்னும் வினாவே ஆண்டு எழாது என்றார். மணிமேகலை இக்குற்றத்தைப் பொய்யுரையொடு சேர்க்காது தனியே வைத்தமையின், ரசலினும் ஸ்டிராசனுக்கே அணித்தாக நிற்கின்றது. எனினும் இருவருக்கும் அறவண அடிகட்கும் இடையே ஒரு பெருவேறுபாடு உண்டு. மேலையோர் வினவியது பொருள் உலகில் உளதோ என்பது. அடிகள் கூறியது கேட்போன் அப்பொருளை ஒப்பினானோ என்பது. சாங்கியன் மற்றொரு சாங்கியனிடம் அதனையே கூறின் இக்குற்றம் நிகழாது. ஆகலின், பக்கப்போலி வாதநெறியின் இலக்கணமேயன்றிச் சொற்பொருட் கொள்கை அன்று. இதனை மறந்து, மேலையோர் கண்டதனைத் தமிழர் முன்னரே கண்டனர் எனல் நூலைப் பெருமைப்படுத்துவது போன்று அதனைப் படியாது விடுதலேயாம்.

இப்பகுதி வடநூல் அளவை மரபோடு கொண்ட உறவையும் மறைத்தல் கூடாது. நியாயப்பிரவேசம் என்னும் வடநூலில் இவ்வொன்பதும் காணப்படுகின்றன. இவ்விரண்டன் முற்பிற்பாடு பற்றி அறிஞரிடை வேற்றுமை உண்டு, எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928இல் வெளியிட்ட தம் மணிமேகலை ஆராய்ச்சியில் இதனை விரிவாக ஆய்ந்துள்ளார். நமக்கு இன்றியமையாதது பிறிதொன்று. உலகோடு முரணுதற்கு நியாயப்பிரவேசம் காட்டுவது மனிதர் தலையோடு தூயது என்னுங் கூற்று. மணிமேகலை அதனைக் கொள்ளாது, திக்நாகர் மரபில் வழங்கிய திங்கட் காட்டைக் கொண்டது. இவ்விரண்டும் ஒரு பெயரின்கீழ் வைக்கப்பட்டனவேனும் ஒருதன்மையன அல்ல. தலையோடு தூயதன்று என்பது உலகோர் கருத்து. அறிவுடையான் ஒருவன் அதனை மறுத்தல் கூடும், மறுத்து வெல்லுதலுங் கூடும். திங்கள் சந்திரன் அன்றென்பவனோ கருத்தை மறுத்தானல்லன். தான் பேசும் மொழியையே மறுத்தான். உலக வழக்கு என்னும் ஒரு சொல்லுள் ஊரார் கருத்தும் மொழி மரபும் ஒருங்கே அடங்கிக் கிடத்தலின், இவ்விரண்டனையும் பிரித்தறிதல் உரைகாண்பார் கடன்.

இனி மாணாக்கர் வினாவிற்கு வருவாம். அதற்குரிய விடை மணிமேகலையில் இல்லை, தொல்காப்பியத்தில் உளது. பெயரியலின் முதல் நூற்பா சொல்லெல்லாம் பொருள் குறிக்கும் என்கின்றது. இரண்டாம் நூற்பா, தன்னின் வேறாய பொருளை உணர்த்தலும் தன்னையே உணர்த்தலும் ஆகிய இரண்டும் சொல்லினாலேயே ஆகும் என வரையறுக்கின்றது. முன்னது பொருண்மை, பின்னது சொன்மை. திங்கள் ஒளிர்ந்தது என்புழிப் பொருண்மை. திங்கள் நான்கெழுத்துடையது என்புழிச் சொன்மை. எனவே, திங்கள் சந்திரன் அன்று என்பதைச் சொன்மை பற்றிக் கொள்ளின் அஃது ஐயமின்றி மெய். பொருண்மை பற்றிக் கொள்ளின் வழு. மாணாக்கர் கொண்டது முன்னது. அடிகள் விலக்கியது பின்னது. இருவரும் பிழைத்திலர். சொல்லைப் பயன்படுத்துதலும் சொல்லைச் சுட்டுதலும் வேறென்னும் இதனைக் குறியளவை நூலார் 20ஆம் நூற்றாண்டில் மேற்கோட் குறியிட்டுக் காத்தனர். தொல்காப்பியர் குறியிடவில்லை, வேறுபாட்டை மட்டும் தெளிவுறுத்தினார்.

யாம் வாழும் ஊரின் பெயரே இதற்குச் சான்றாகும். திண்டிவனம் என்பது புளியங்காடு எனப் பொருள்படும் திந்திரிணி வனம் என்பதன் திரிபு என்பர். அங்ஙனமாயின் இது காரணப்பெயர். இன்று பேருந்து நிலையத்தில் இறங்குவான் ஒருவன் காட்டைக் காணாமையின் இவ்வூர் திண்டிவனம் அன்று எனக் கூறின் நகைக்கப்படுவான். ஆற்றின் முகத்தால் பெயர்பெற்ற ஊர், ஆறு வழிமாறிய பின்னும் அப்பெயரை இழவாது என்று மில் 1843இல் எழுதினார். காரணம் பெயரைத் தோற்றுவிக்கும். தோன்றிய பெயரைத் தாங்கி நிற்பது வழக்கே.

இவ்வாற்றான், மணிமேகலை கூற்றுக்கள் பிழைக்கும் இடங்களைப் பகுத்தது என்பதும், தொல்காப்பியம் சொல் நிற்கும் நிலைகளைப் பகுத்தது என்பதும், இவ்விரண்டும் ஒன்றையொன்று நிரப்பி நிற்பன என்பதும் புலனாம். ஒப்பாய்வு செய்யப் புகும் இளைஞர், யார் முன்னர்க் கூறினார் என்னும் வினாவை விடுத்து, கூறப்பட்டது யாது என்னும் வினாவைக் கைக்கொள்வாராயின், இக்காதை இன்னும் பல பொருள் தரும். அன்று வினவிய மாணாக்கர்க்கு யாம் கடன்பட்டுள்ளோம்.