நெற்கதிர் கட்டிய வாசல்

வாசலில் கட்ட எது நல்லது என்று யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான்: நெற்கதிர்த் தோரணம்! மாவிலை மங்கலம்தான், ஆனால் மறுநாளே சுருண்டுவிடும். தென்னங்குருத்துக்குக் கல்யாணக் களை உண்டு, இரண்டு நாளில் பழுப்பேறிவிடும். பிளாஸ்டிக் பூச்சரம் வருஷக்கணக்கில் தொங்கினாலும் ஒரு குருவிகூட அதை எட்டிப் பார்க்காது. கதிரைத் தையில் கட்டிப் பாருங்கள். மழை படாமல் இருந்தால் மாதக்கணக்கில் பொன்னாக நிற்கும். வருகிறவர் கண்ணுக்கும் விருந்து, பறவையின் வயிற்றுக்கும் விருந்து. இதைவிட ஒரு வாசலுக்கு வேறென்ன வேண்டும்?

இது நேற்று வந்த நாகரிகமும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டக் கோயில்களில் ஆடி மாதத்தில் நிறைபுத்தரிசி பூஜை நடக்கும். பூஜையில் வைத்த கதிரைப் பிரசாதமாக வாங்கிவந்து வீட்டு வாசலில் கட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் தைப்பூசத்தையொட்டிப் ‘புதிர்’ என்று புது நெல் எடுத்து, முதல் கதிரை வீட்டுக்குள் அழைத்து வருகிறார்கள். களத்துக்கும் குதிருக்கும் போகுமுன் நெல்லுக்கு வீட்டில் ஒரு வரவேற்பு! அந்த எண்ணமே எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பெரியவர் கதிர்த் தோரணம் முடைவதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்து வரவே மனமில்லை. நெல்லின் தாளை நனைத்து ஈரத்துணியில் சுற்றிப் பதமாக்குகிறார். சில தாள்களைச் சேர்த்துப் பின்ன ஆரம்பித்து, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு புதுக் கதிரைச் செருகுகிறார். பின்னல் வளர வளர, கதிர்கள் வரிசையாகத் தலைசாய்த்து விழுகின்றன. கம்பி இல்லை, பசை இல்லை. தாளே கயிறு, தாளே முடிச்சு.

“ரொம்ப முத்த விடக்கூடாது தம்பி. கதிரு தலை சாஞ்சு, அடியில நாலு மணி பச்சையா இருக்கையிலேயே அறுத்துடணும். முத்திப்போச்சுன்னா மாட்டுறப்பவே கொட்டிப்போயிரும்” என்றார். முடைந்ததை நிழலில்தான் உலர்த்த வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. வெயிலில் போட்டால் தாள் வெளுத்து நொறுங்கிவிடுமாம்.

எந்த நெல் என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. 1966-ல் வந்த ஐ.ஆர்.8 முதலான குட்டை ரகங்கள் காற்றுக்குச் சாயாமல் நின்று விளைச்சலைப் பெருக்கின. அது பெரிய காரியம். ஆனால் பின்னலுக்கு நீளமான தாள் வேண்டும். அதற்கு நெட்டை ரகங்கள்தான் ராஜா. மாப்பிள்ளைச் சம்பாவின் தாளைக் கையில் பிடித்துப் பாருங்கள், என்ன வாகு! திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுத் தந்தவர் நெல் ஜெயராமன். அவர் 2018-ல் மறைந்தார். அவரால் பரவிய விதைகள் இன்றும் வயலில் நிற்கின்றன. அப்படி ஒரு வயலின் கதிர் நம் வாசலுக்கு வருவது எவ்வளவு பெரிய கொடுப்பினை!

சரி, உங்கள் வாசலுக்கு எது பொருந்தும்? கடைக்குப் போகுமுன் வாசலுக்கு எதிரே போய் நின்று நிதானமாகப் பாருங்கள். கதவின் நிறத்தை முதலில் கவனியுங்கள். எண்ணெய் குடித்துக் கறுத்த பழைய தேக்கு நிலை என்றால் ஒற்றைக் கதிர்க்குஞ்சமே போதும்; இருட்டில் விளக்கேற்றியதுபோல் ஜொலிக்கும். வெள்ளை, சந்தன நிறக் கதவுகளில் பொன்னிறம் எடுபடாது. அங்கே கதிர்க் கழுத்தில் ஒரு சிவப்புத் துணியோ மஞ்சள் கயிறோ சுற்றினால் போதும், வாசலே நிமிர்ந்து நிற்கும்!

அடுத்தது அளவு. அடுக்குமாடி வீடுகளில் தலைவாசல் பெரும்பாலும் மூன்றரை அடி அகலத்துக்குள்தான் இருக்கும். அதற்கு ஒரு சாண் அகலக் குஞ்சம் கச்சிதம். இரட்டைக் கதவு போட்ட அகன்ற நிலைக்கு ஒன்றை மட்டும் மாட்டினால் சோடை போய்விடும். பக்கத்துக்கு ஒன்றாக ஜோடி கட்டுங்கள், அல்லது நிலையின் நீளத்துக்குச் சரமாகவே பின்னச் சொல்லுங்கள். மேலைநாடுகளில் இலை வளையத்தைக் கதவின் மேலேயே மாட்டுகிறார்கள். கதிருக்கு அது ஒத்துவராது. கதவைத் திறந்து மூடும் அதிர்ச்சியில் மணி உதிரும். ஆடாத நிலைதான் கதிருக்கு உரிய இடம்.

மூன்றாவது, திசையும் மழையும். கிழக்கு வாசல்காரர்கள் பாக்கியசாலிகள்! இளவெயில் கதிரில் பட்டுத் தெறிக்கும் அழகைக் காலைதோறும் இலவசமாகப் பார்க்கலாம். மேற்கு வாசலில் கோடை வெயில் நிறத்தைத் தின்றுவிடும். கொஞ்சம் உள்ளே தள்ளி, நிழல் விழும் இடத்தில் கட்டுங்கள். சாரல் அடிக்கும் வாசலென்றால் ஐப்பசி, கார்த்திகையில் அவிழ்த்து உள்ளே மாட்டிவிடுங்கள். நனைந்த நெல் பூஞ்சை பிடிக்கும், முளைக்கவும் செய்யும். அந்துப்பூச்சி வராமலிருக்க நடுவில் ஒரு கொத்து வேப்பிலை செருகுவது என் வழக்கம்.

என் வாசலுக்குச் சிட்டுக்குருவிகள் வருகின்றன! தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒரு மணியைப் பிடுங்கி, உமியை உரித்துத் துப்பிவிட்டு அரிசியை விழுங்கும் சாமர்த்தியத்தைப் பார்க்க எங்கள் மாடிப் பிள்ளைகள் கூடிவிடுகிறார்கள். கதிர் மெலிய மெலியத் தோரணம் அழகு குறைகிறதே என்று யாரும் வருந்த வேண்டாம். மணி தீர்ந்த பின்னும் அந்தப் பின்னல் கண்ணை நிறைக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டால் தாள் கசங்கிவிடும், தோரணத்துக்கு ஆகாது. அரிவாளால் அறுத்த கதிர்தான் வேண்டும். அதனால் மார்கழியிலேயே தெரிந்த விவசாயி ஒருவரிடம் சொல்லி, வயலின் ஒரு மூலையை உங்களுக்காகக் கையறுப்புக்கு விடச் சொல்லுங்கள். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். முடைகிறவருக்கும் தாராளமாகக் கொடுங்கள். இந்தத் தையில் உங்கள் வாசலும் கதிர் கட்டட்டும்!