சந்துகளை வாசித்தவர்: பேட்ரிக் கெடிஸும் மதுரையும்

1947ஆம் ஆண்டு லண்டனில் வெளியான ‘இந்தியாவில் பேட்ரிக் கெடிஸ்’ என்னும் ஆங்கில நூலை ஜாக்குலின் டிர்விட் தொகுத்தார். லூயிஸ் மம்ஃபோர்ட் அறிமுகம் எழுதினார். நகரமைப்பு பயிலும் மாணவர் கையில் இருக்க வேண்டிய நூல், அரபிக் கல்லூரியில் பாடம் நடத்தும் நம் மேசைக்கு எப்படி வந்தது என்று வாசகர் வியக்கக்கூடும். கெடிஸ் நடந்து பார்த்து அறிக்கை எழுதிய ஊர்களுள் மதுரையும் ஒன்று என்பதே காரணம். நம் ஊரைப் பற்றி அயலார் ஒருவர் என்ன எழுதினார் என்னும் ஆவலால் திறந்த நூல், நாம் ஓதிக்கொடுக்கும் கிதாபையே வேறு கண்ணால் பார்க்க வைத்தது.

கெடிஸ் 1854இல் ஸ்காட்லாந்தின் பாலட்டரில் பிறந்தார். ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். 1879இல் மெக்ஸிகோவுக்குச் சென்றிருந்தபோது சில காலம் கண்பார்வை மங்கி இருட்டறையில் கிடந்தார். நுண்ணோக்கியை நம்பிய வாழ்வு அத்தோடு திசைமாறியது. 1886இல் ஆனா மார்ட்டனை மணந்து, எடின்பரோவின் பழைய நகரில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் குடியிருப்பிலேயே வீடு அமைத்துக்கொண்டார். அங்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தும், இடிந்த வீட்டின் வெற்றிடத்தில் சிறு தோட்டம் வைத்தும் கற்ற பாடமே அவருடைய பிற்காலக் கொள்கை அனைத்துக்கும் வேர். டண்டியில் தாவரவியல் பேராசிரியராக இருந்துகொண்டே, பிரிட்டனில் ‘நிலவெளிக் கட்டடக் கலைஞர்’ என்னும் தொழிற்பெயரை முதன்முதலில் சூடிக்கொண்டவர்களுள் ஒருவரானார். 1904இல் டன்ஃபர்ம்லின் நகருக்கு அவர் தீட்டிய பூங்காத் திட்டம் நூலாக வந்ததேயன்றி நிலத்தில் இறங்கவில்லை. அவருடைய பெரும்பாலான திட்டங்களுக்கு நேர்ந்த கதியும் அதுதான்.

சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914இல் இந்தியா வந்தார். அவர் பல்லாண்டு சேர்த்த நகரக் கண்காட்சிப் படங்கள் ‘கிளான் கிரான்ட்’ என்னும் கப்பலில் பின்தொடர்ந்தன. அக்கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. சென்னையில் குண்டு வீசி, ‘எம்டன்’ என்னும் சொல்லைத் தமிழ்ப் பேச்சு வழக்குக்கே கொடையாகத் தந்துவிட்டுப் போன அதே கப்பல்தான். கெடிஸ் சோரவில்லை. நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பின்னர் தஞ்சை, மதுரை முதலிய ஊர்களுக்குப் புறப்பட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இந்திய நகரங்களைப் பற்றி அவர் எழுதிய அறிக்கைகள் ஏறத்தாழ ஐம்பது.

அவர் முறை எளிது. மருத்துவர் நோயாளியைப் பரிசோதித்த பின்னரே மருந்து எழுதுகிறார். நகரமைப்பாளரோ ஊரைப் பாராமலே அளவுகோலை எடுத்து வரைபடத்தின் குறுக்கே நேர்க்கோடு இழுக்கிறார். அக்கோட்டில் அகப்பட்ட வீடுகள் இடிகின்றன. வீடிழந்தோர் அடுத்த தெருவில் நெருக்கத்தைக் கூட்டுகின்றனர். நோய் இடம் மாறுகிறதேயன்றித் தீரவில்லை. இதற்கு மாற்றாகக் கெடிஸ் சொன்னது ‘காக்கும் அறுவை’. பழைய சந்துகள் தலைமுறை தலைமுறையாக மக்கள் நடந்து உண்டாக்கியவை. ஆகவே அவற்றை அழிக்காமல், மிகவும் பழுதுபட்ட ஓரிரு வீடுகளை மட்டும் எடுத்து, அவ்விடத்தில் சிறு முற்றமும் ஒரு மரமும் வைத்தால் போதும். செலவும் குறையும் என்றார்.

இவ்விடத்தில்தான் நமக்கு ‘மின்ஹாஜ்’ நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ அவர்களின் அந்நூலில், ‘ஸுல்ஹ்’ பாடத்தை ஒட்டித் தெரு உரிமைகள் பேசப்படுகின்றன. பொதுத் தெருவில் நடப்போருக்கு இடையூறான எதையும் செய்யலாகாது. வீட்டின் மேல்தளம் தெருப்பக்கம் நீளுமாயின், அதன்கீழ் மனிதர் தலை குனியாமல் செல்லும் உயரம் வேண்டும். ஒட்டகக் கூட்டம் செல்லும் வழியாயின் சுமையேற்றிய ஒட்டகம் தடையின்றிப் போகும் உயரம் வேண்டும். முட்டுச்சந்தின் சட்டமோ வேறு. அங்கு வாழ்வோர் அனைவரும் அதற்குக் கூட்டு உரிமையாளர்கள். மற்றவர் இசைவின்றி அவர்களுள் ஒருவரும் தம் வீட்டை அதன்மேல் நீட்ட முடியாது. 14ஆம் நூற்றாண்டுத் துனிஸ் நகரில் வாழ்ந்த கட்டடக்காரர் இப்னுர் ராமீ இத்தகைய வழக்குகளுக்கென்றே தனிநூல் எழுதினார். பல்லாண்டுகளாக இப்பாடத்தை நாம் வெறும் சட்டமாகவே நடத்திவந்தோம். ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் அறிக்கையைப் படித்த பிறகே அது ஒரு நகரத்தின் வரைபடம் என்பது புலப்பட்டது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அகன்ற தெருவே ஆரோக்கியம் என்பார்க்கு மதுரையிலேயே ஒரு பழைய மறுப்பு உண்டு. 1340களில் இங்கு வந்த இப்னு பதூதா, பரந்த தெருக்களையுடைய பெருநகர் என்றே மதுரையைக் குறிக்கிறார். தம் மாமனார் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா இதைத் தில்லியை ஒத்ததாக அமைத்தார் என்கிறார். அதே பக்கங்களில்தான், கொள்ளைநோய் கண்டவர் ஓரிரு நாளில் மாண்டதையும் எழுதுகிறார். தெருவின் அகலம் அந்நோயைத் தடுக்கவில்லை.

கெடிஸின் மற்றொரு வாதம் நீர்நிலை பற்றியது. மலேரியாவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதே அந்நாளைய சுகாதாரத் துறையின் வழி. மீனும் வாத்தும் இருந்தால் கொசுப்புழு பெருகாது, குளம் வெள்ளத்தை ஏந்தும், ஊரைக் குளிர்விக்கும், தூர்க்காதீர் என்றார் கெடிஸ். மதுரைச் சமவெளி கண்மாய்களால் கோக்கப்பட்ட நிலம். ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தே அடுத்தது நிரம்பும். இடையில் ஒன்றைத் தூர்த்தால் சங்கிலியே அறுகிறது. 2004இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாய் நிலத்தில் நிற்கிறது. டவுன்ஹால் ரோட்டில் கூடலழகர் பெருமாள் தெப்பக்குளத்தைக் கடைகள் சூழ்ந்துகொண்டதால், குளம் இருப்பதே வழிப்போக்கருக்குத் தெரிவதில்லை. பிறரை மட்டும் குறை சொல்வானேன்? நம் பள்ளிவாசல்கள் எத்தனையில் ஹவ்ளை மூடிக் குழாய் வரிசை வைத்தோம்! தண்ணீர் மிச்சமாகும் என்றோம். ஆனால் திறந்துவிட்ட குழாயில் ஓடுவது, ஹவ்ளில் கை நனைத்து உளூச் செய்தபோது செலவானதைவிடக் கூடுதல் என்பதை எந்த முத்தவல்லியும் அளந்து பார்த்ததாக நாம் கேள்விப்படவில்லை.

இனி நம் மனக்குறைகள். முதலாவது தொகுப்பாசிரியர் மீது. டிர்விட் அம்மையார் அறிக்கைகளைத் துண்டித்துப் பொருள்வாரியாக அடுக்கிவிட்டார். ஓர் ஊரை முழுதாகப் பார் என்று வாழ்நாளெல்லாம் சொன்னவரின் நூலில் ஓர் ஊரும் முழுதாக இல்லை. அந்த அறுவை எதையும் காக்கவில்லை.

இரண்டாவது கெடிஸ் மீதே. 1919இல் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் கோயில் நகரங்களைப் பற்றி அவர் எழுதினார். தேர் ஓடும் வீதியே ஊரின் சட்டகம் என்று அவர் கண்டுகொண்டது நுட்பமான பார்வை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் வளையங்களாகச் சூழும் மதுரைக்கு அது முற்றும் பொருந்தும். ஆயினும் அச்சட்டகத்தில் காஜிமார் தெருவுக்கோ வைகை வடகரையின் கோரிப்பாளையத்துக்கோ இடம் கிடைப்பது அரிது. சுல்தான்கள் காலத்தொடு தம் வரலாற்றைத் தொடர்புபடுத்தும் மஹல்லா ஒன்று, ஊரின் உள்ளேயே இருந்தும் ‘கோயில் நகர்’ என்ற சொல்லுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

மூன்றாவது இவற்றினும் பெரிது. 1919இல் சியோனிச ஆணையத்தின் அழைப்பில் கெடிஸ் பைத்துல் முகத்தஸ் சென்று, மஷாரிஃப் மலையில் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கு வரைபடம் அமைத்தார். 1925இல் டெல் அவீவுக்கான அறிக்கையைத் தந்தார். அவ்வறிக்கையின் தலைப்பில் யாஃபாவும் டெல் அவீவும் இணைந்தே இருந்தன என்பதை மறைத்தல் நீதியன்று. இரண்டையும் ஒரே ஊராக வளரவிடலாம் என அவர் நம்பியிருக்க வேண்டும். 1948இல் யாஃபாவின் அரபு மக்களில் மிகப் பெரும்பாலோர் ஊரை விட்டு அகல நேர்ந்தது. 1932இல் மறைந்துவிட்டவரை அதற்குப் பொறுப்பாக்க நாம் முனையவில்லை. எனினும், பரிசோதித்த பின்னரே சிகிச்சை என்றவர், அழைத்தவர் யார், எந்த நோக்கத்தோடு அழைத்தார் என்பதையும் பரிசோதனையில் சேர்த்திருக்க வேண்டாமா? தஞ்சையிலும் மதுரையிலும் நகராட்சிப் பொறியாளரை எதிர்த்துக் குடியிருப்பாளர் பக்கம் நின்ற அந்தக் குரல், அங்கு ஏன் அத்துணை மென்மையாயிற்று என்று அவர் சரிதையாளர் எவரேனும் விரிவாக எழுதினால் நன்று.

இத்தனைக்குப் பின்னும் நூலை மாணவர்க்குப் படிக்கத் தந்தோம். மின்ஹாஜின் அப்பாடம் முடிந்த வாரம், அவர்கள் தாமே அளவுநாடாவோடு காஜிமார் தெருப்பக்கச் சந்துகளுக்குப் போய்வந்தனர். எந்த வாசல் எந்தச் சந்தில் திறக்கிறது, எந்த மேல்தளம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று குறித்துவந்த தாள்கள் நம் மேசையில் உள்ளன. 1915ஆம் ஆண்டின் மதுரை அறிக்கையைத் துண்டிக்காமல் தமிழில் தர முன்வருவோர் இருப்பின், அத்தாள்களைப் பின்னிணைப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.